ஒன்றா, வேறா? பிழை தேடும் கலையில் ஒப்பீட்டின் வரலாறு

நேற்றுச் சரியாக ஓடிய நிரல் இன்று தவறான விடை தருகிறது. நிரலாளர் முதலில் செய்வது, நேற்றைய தரவையும் இன்றைய தரவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்னும் கேள்வி மிக எளியது போலத் தோன்றும். ஆனால் நிரலாக்கத்தின் ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றில் இக்கேள்விக்கு ஒரே விடை கிடைத்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஒப்பிடுவதற்கென ஒரு கருவியைச் செய்துகொண்டது. ஒவ்வொரு கருவியும் 'ஒன்று' என்பதற்கான ஒரு வரையறையைத் தன்னுள் மறைத்து வைத்திருந்தது. கருவியைக் கையிலெடுப்பவர் அந்த வரையறையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார், பெரும்பாலும் அறியாமல். தரவுகளை நிரல்வழி ஒப்பிட்டு முடிவுகளை எழுதும் ஆய்வுத்துறைகளுக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று.

இறந்த நினைவகமும் ஓடும் நிரலும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டியது. அதைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், தம் வாழ்நாளின் பெரும்பகுதி இனித் தம்முடைய நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது அக்காலத்தில் படியேறும்போது ஒருநாள் தமக்கு உறைத்ததை, 1985இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்கிறார். அன்றைய பிழைதேடலுக்கு எளிய வழி ஒன்று இருந்தது. நிரலை ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, நினைவகத்தின் உள்ளடக்கத்தை எதிர்மின் கதிர்க்குழாயின் திரையில் புள்ளிகளாகப் பார்க்கலாம். ஆனால் கணினி ஒன்றே, காத்திருப்போர் பலர். ஒருவர் திரையை உற்றுப் பார்த்துச் சிந்திக்கும் நேரமெல்லாம் பிறருடைய நேரம். எனவே அம்முறை விரைவிலேயே ஊக்கமிழந்தது.

மாற்றாக இரண்டு வழிகள் தோன்றின. ஒன்று, நிரல் நின்றுபோனபின் நினைவகத்தின் ஒரு பகுதியை அச்சிட்டுத் தரும் சிறு நிரல். அதற்குப் பிணக்கூறாய்வு என்னும் பொருள்படும் பெயரையே சூட்டினர். மற்றொன்று, பிழையுள்ள நிரலை இன்னொரு நிரலின் மேற்பார்வையில் ஓட்டி, அது நிறைவேற்றும் கட்டளைகளை வரிசையாக அச்சிடச் செய்வது. ஸ்டான்லி கில் 1951இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை இம்முறைகளை விளக்குகிறது. முதல்வழி இறந்த நிலையைக் காட்டுகிறது. இரண்டாம்வழி இயக்கத்தைக் காட்டுகிறது. பின்னர் வந்த பிழைதேடும் கருவிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றன் வழித்தோன்றலே.

இரண்டிலும் ஒப்பீடு மட்டும் மனிதக் கண்ணிடமே இருந்தது. அச்சிட்ட எண்களை ஒருபுறமும் கையால் கணக்கிட்ட எண்களை மறுபுறமும் வைத்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். காந்த வளையங்களாலான நினைவகம் பரவியபோது, அதன் முழு உள்ளடக்கமும் எட்டடிமான எண்களாகவோ பதினாறடிமான எண்களாகவோ தாள்கட்டுகளில் கொட்டப்பட்டது. வளையங்கள் மறைந்து அரை நூற்றாண்டாகியும், யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் நிரல் முறிந்தால் எழுதப்படும் கோப்பு இன்னும் அவ்வளையத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது.

அந்தத் தாள்கட்டுகளில் பெயர்கள் இல்லை, முகவரிகளே இருந்தன. அந்நிலையை மாற்றியவை எம்.ஐ.டி.யில் டிஎக்ஸ்-0 கணினிக்காக 1960ஐ ஒட்டி எழுதப்பட்ட ஃபிளிட், அதைத் தொடர்ந்து பிடிபி-1 கணினிக்காக எழுதப்பட்ட டிடிடி ஆகிய பிழைதேடும் நிரல்கள். இரண்டும் பூச்சிக்கொல்லிகளின் பெயர்கள். பிழையைப் பூச்சி என்று அழைத்தவர்களின் வேடிக்கை. வேடிக்கைக்குப் பின்னே ஒரு பெரிய மாற்றம் இருந்தது. நிரலாளர் தாம் இட்ட பெயரைச் சொல்லியே அதன் மதிப்பைக் கேட்க முடிந்தது. தரவு என்பது எண்களின் வரிசையாக இருந்த நிலை மாறி, பெயரும் உறுப்பும் கொண்ட பொருளாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

இரண்டு சமங்கள்

பொருள் என்று ஒன்று வந்தவுடன், எப்போது இரு பொருள்கள் சமம் என்ற கேள்வியும் வந்தது. ஜான் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட லிஸ்ப் மொழிக் கட்டுரை இதற்கு இரண்டு விடைகளைத் தந்தது. ஈக்யூ என்பது பகுக்க முடியாத இரண்டு அணுக்கள் ஒன்றா என்று கேட்டது. ஈக்வல் என்பது இரண்டு பட்டியல்களின் உள்ளே இறங்கி, உறுப்பு உறுப்பாக, உள்ளடங்கிய பட்டியல்களிலும் அதே கேள்வியை மீண்டும் கேட்டது. நடைமுறையில் ஈக்யூ நினைவக முகவரியை ஒப்பிடுவதாகவே அமைந்தது. ஆகவே முதலாவது 'இருவரும் ஒரே ஆளா' என்னும் கேள்வி. இரண்டாவது 'இருவரும் ஒரே மாதிரியா' என்னும் கேள்வி. இன்றைய மொழிகள் பலவும் இவ்விரட்டையை வெவ்வேறு குறியீடுகளில் சுமக்கின்றன. பைதானில் இரட்டைச் சமக்குறி உள்ளடக்கத்தைக் கேட்கிறது. 'இஸ்' என்னும் சொல் அடையாளத்தைக் கேட்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலோ இரட்டைச் சமக்குறியும் மூன்று சமக்குறியும் இரு பொருள்களுக்கிடையே அடையாளத்தை மட்டுமே கேட்கின்றன. ஒரே உள்ளடக்கம் கொண்ட இரு பொருள்களை அங்கே ஒப்பிட்டால் 'வேறு' என்ற விடையே வரும்.

உறுப்பு உறுப்பாக இறங்குவது போதும் என்று எண்ணினால் அங்கும் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒரு பட்டியலின் கடைசி உறுப்பு அப்பட்டியலின் தலையையே சுட்டினால், இறங்கும் பயணம் முடிவதில்லை. இரு பொருள்கள் சமம் என்று தற்காலிகமாகக் கொண்டு, முரண்பாடு கிடைக்கும் வரை தேடி, கிடைக்காவிட்டால் சமமென்றே முடிப்பது இதற்குரிய தீர்வு. ஸ்கீம் மொழியின் 2007ஆம் ஆண்டு வரையறைதான் சமத்தன்மைச் சோதனை எந்தத் தரவிலும் முடிந்தே தீரவேண்டும் என்று விதித்தது. மெக்கார்த்தியின் கட்டுரைக்கும் இவ்விதிக்கும் இடையே 47 ஆண்டுகள்.

இரண்டாவது பள்ளம் நுட்பமானது. இரு ஆய்வு மாணவர்களின் பதிவுகளில் நெறியாளர் என்னும் உறுப்பு இருப்பதாகக் கொள்வோம். ஒரு தரவில் இரு பதிவுகளும் நெறியாளரின் ஒரே பதிவைச் சுட்டுகின்றன. மற்றொரு தரவில் ஒவ்வொரு மாணவரிடமும் அதன் தனித்தனி நகல் இருக்கிறது. அச்சிட்டுப் பார்த்தால் இரு தரவுகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டாலும் ஒன்றே. நெறியாளரின் தொலைபேசி எண்ணை முதல் மாணவரின் வழியே மாற்றும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்: ஒன்றில் இருவருக்கும் மாறும், மற்றொன்றில் ஒருவருக்கு மட்டும் மாறும். இன்றைய நிலையில் இல்லாத வேறுபாடு நாளைய மாற்றத்தில் பிறக்கிறது. இன்று சமமாகத் தோன்றுவது நாளையும் சமமாக நடந்துகொள்ளுமா என்பதை எந்த அச்சுப் படியும் சொல்லாது.

வரி என்னும் அலகு

ஒப்பிடும் வேலையைக் கண்ணிடமிருந்து கணினிக்கு மாற்றிய கருவிகளுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது டிஃப். பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய், ஜேம்ஸ் ஹண்ட் இருவரின் உழைப்பில் உருவாகி, 1974இல் யூனிக்ஸ் ஐந்தாம் பதிப்புடன் வெளிவந்தது. அதன் வழிமுறையை விளக்கும் அறிக்கை 1976இல் வந்தது. இரு கோப்புகளுக்கும் பொதுவான மிக நீண்ட வரித்தொடரைக் கண்டறிந்து, எஞ்சியவற்றை நீக்கம் என்றும் சேர்க்கை என்றும் அறிவிப்பது அதன் முறை. அன்றைய சிறு நினைவகத்தில் வரிகளை முழுமையாக வைத்து ஒப்பிட இடமில்லை. ஆகவே ஒவ்வொரு வரியையும் ஓர் எண்ணாகச் சுருக்கி, எண்களை ஒப்பிட்டனர். வேறுவேறு வரிகள் தற்செயலாக ஒரே எண்ணைப் பெறக்கூடும் என்பதால், இறுதியில் உண்மையான வரிகளை மீண்டும் சரிபார்த்தனர். சுருக்கம் சமமாக இருப்பது சமத்தன்மைக்குச் சான்றாகாது என்னும் எச்சரிக்கை அன்றே அக்கருவிக்குள் இருந்தது. யூஜின் மையர்ஸ் 1986இல் இதற்கு விரைவான வழிமுறை ஒன்றைத் தந்தார். கிட் இன்றும் இயல்பாகப் பயன்படுத்துவது அதன் வழிவந்ததையே.

டிஃப் தன்னுள் மறைத்த வரையறை வரி என்னும் அலகு. நிரலுக்கும் கடிதத்துக்கும் அது பொருந்தும். நூறு உறுப்புகள் கொண்ட தரவுப்பொருள் ஒன்று ஒரே வரியில் அச்சாகியிருந்தால், ஓர் உறுப்பு மாறினாலும் முழுவரியும் மாறியதாகவே டிஃப் சொல்லும். உறுப்புக்கு ஒரு வரி என்று அழகுற அச்சிடும் கலை இதனால்தான் அலங்காரம் என்ற நிலையிலிருந்து ஒப்பீட்டின் முன்தேவையாக உயர்ந்தது. டெரெக் ஓப்பன் 1980இல் வெளியிட்ட வழிமுறை அக்கலையின் முக்கியமான படிகளுள் ஒன்று.

வரியை விட்டு மரவடிவத்தையே நேராக ஒப்பிடும் முயற்சியும் உடன் நடந்தது. குவோ-சுங் டாய் 1979இல், ஒரு மரத்தை மற்றொரு மரமாக மாற்றக் குறைந்தது எத்தனை திருத்தங்கள் வேண்டும் என்னும் கணக்கை வரையறுத்தார். காய்ஷோங் ஜாங்கும் டென்னிஸ் ஷாஷாவும் 1989இல் அதற்கு மேம்பட்ட வழிமுறை தந்தனர். இவையெல்லாம் கிளைகளுக்கு இடமிருந்து வலம் என ஒரு வரிசை உண்டு என்று கொண்டவை. வரிசை பொருட்டன்று என்று தளர்த்தினால் கணக்கு எளிதாகும் என்றே தோன்றும். நேர்மாறாக, வரிசையற்ற மரங்களின் குறைந்த திருத்தத் தொலைவைக் கண்டறிவது மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 1992இல் நிறுவப்பட்டது. எதைப் புறக்கணிப்பது என்னும் முடிவுக்கும் விலை உண்டு.

வரிசையும் எண்ணும்

வரிசைச் சிக்கல் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. திறவுச்சொல்லும் மதிப்புமாகத் தரவை வைக்கும் அகராதி அமைப்புகள் உள்ளே ஒரு சிதறல் கணக்கின்படி இடம் ஒதுக்குகின்றன. அக்கணக்கை முன்கூட்டியே ஊகித்து இணையச் சேவைகளைத் திணறடிக்கலாம் என்று 2011 டிசம்பரில் விளக்கிக் காட்டப்பட்டது. அதன் விளைவாக 2012இல் வந்த பைதான் 3.3 அக்கணக்கில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்தது. அதே அகராதி ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் அச்சாயிற்று. அச்சுப்படியை ஒப்பிட்டுத் தேர்ச்சி முடிவு செய்த சோதனைகள், தரவில் எந்த மாற்றமும் இல்லாமலே தோற்றன. இடைப்பட்ட வரிசையே நிலையானது என்று யாரும் உறுதி தரவில்லை. சோதனை எழுதியவர்கள்தாம் அப்படிக் கொண்டிருந்தனர். 2018இல் பைதான் 3.7, சேர்த்த வரிசையே நிலைக்கும் என்று மொழியளவிலேயே உறுதியளித்தது. கோ மொழி வேறு வழியில் சென்றது. அதன் அகராதிகளில் உலாவும் வரிசை இன்றும் தற்செயலானதே. ஆனால் 2019இல் வந்த 1.12 பதிப்பு முதல், அச்சிடும்போது மட்டும் திறவுச்சொற்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. சோதனையை எளிதாக்கவே இம்மாற்றம் என்று அதன் வெளியீட்டுக் குறிப்பு காரணம் சொல்கிறது.

எண்களும் இதே பாடத்தையே கற்பிக்கின்றன. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் இரும மிதவைப்புள்ளியில் 0.3க்கு மிக நெருங்கிய, ஆனால் 0.3 ஆகாத ஓர் எண் வரும். இலக்கங்களைக் குறைத்து அச்சிடும் முறையில் இரண்டும் 0.3 என்றே தெரியும். கண் 'ஒன்று' என்கிறது, கணினி 'வேறு' என்கிறது. வேறுபட்ட எண் வேறாகவே அச்சாக எத்தனை இலக்கங்கள் தேவை என்னும் கணக்கை ஸ்டீலும் வைட்டும் 1990இல் தெளிவாக்கினர். பைதான் அந்நெறியில் வந்தது 2009இல்தான். சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ள ஓர் எல்லை வைத்தாலும் புதிய சிக்கல் பிறக்கும். முதல் எண் இரண்டாவதற்கு நெருக்கம், இரண்டாவது மூன்றாவதற்கு நெருக்கம், எனினும் முதலாவது மூன்றாவதற்கு நெருக்கமாக இல்லாமல் போகலாம். நெருக்கம் என்பது சமத்தன்மையின் உறவுவிதியைப் பின்பற்றுவதில்லை. இதற்கும் மேலாக, 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரம், 'எண்ணன்று' என்னும் சிறப்பு மதிப்பு தனக்குத்தானே சமமன்று என்று விதித்தது. அத்தகைய ஒரு மதிப்பு உள்ளே இருந்தால், பொருளின் துல்லியமான நகலும் மூலத்துக்குச் சமமாகாமல் போகலாம்.

எப்போதைய பொருள்?

ஸிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் வளர்ந்த ஸ்மால்டாக் சூழல், தரவுப்பொருளைத் தாளிலிருந்து திரைக்குக் கொண்டுவந்தது. அதன் ஆய்வுச் சாளரத்தில் ஒரு பொருளின் உறுப்புகள் பட்டியலாக நிற்கும். ஒன்றைச் சுட்டினால் அதன் மதிப்பு விரியும். அம்மதிப்பும் ஒரு பொருளாதலால் அதற்கும் ஒரு சாளரம் திறக்கலாம். இன்றைய உலாவிகளில் முக்கோணக் குறியைச் சொடுக்கிப் பொருளை விரிக்கும் பழக்கம் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே காலம் குழம்புகிறது. உலாவியின் பணித்திரை ஒரு பொருளை அச்சிடும்போது, பெரும்பாலும் அதன் நகலை எடுப்பதில்லை. அதைச் சுட்டும் குறிப்பையே வைத்துக்கொள்கிறது. சொடுக்கி விரிக்கும் நொடியில் உள்ள மதிப்புகளே தெரியும். பத்தாம் வரியில் அச்சிட்ட பொருள், நூறாம் வரியில் மாறிய பின்னான முகத்தைக் காட்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருமுறை அச்சிட்டு ஒப்பிடும் மாணவர், ஒரே பொருளை ஒரே காலத்தில் இருமுறை பார்த்துவிட்டு 'மாற்றமே இல்லை' என்று முடிவு செய்வார்.

அதைத் தவிர்க்க உரைவடிவமாக்கி வைப்பது வழக்கம். ஆனால் ஜேசான் வடிவத்துக்கு மாற்றும்போது ஜாவாஸ்கிரிப்ட், மதிப்பு வரையறுக்கப்படாத உறுப்புகளை விட்டுவிடுகிறது. 'எண்ணன்று' என்னும் மதிப்பை வெறுமை ஆக்குகிறது. தன்னையே சுட்டும் பொருளை ஏற்க மறுக்கிறது. படமெடுத்தால் காலம் நிற்கும். ஆனால் படத்தில் விழாதவையும் உண்டு.

ஒரு தமிழ்ச் சொல்லின் மூன்று நீளங்கள்

மேற்கண்ட சிக்கல்கள் பெரிய தரவுகளுக்கே உரியவை என்று எண்ண வேண்டியதில்லை. 'கொடி' என்னும் சொல்லே போதும். தமிழ் இலக்கணத்தில் அது இரண்டு எழுத்து. ஒருங்குறியில் ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி என நான்கு குறியெண்கள். ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து எழுதினால் ஐந்து குறியெண்கள். நான்கும் ஐந்தும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினி அவற்றை ஒப்பிட்டால் 'வேறு' என்று சொல்லும். சொல்லடைவு தயாரிக்கும் நிரல் அவற்றை இரு சொற்களாக எண்ணும். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் வகுத்திருக்கிறது. ஆனால் அத்தரத்தின்படி இயல்பாக்கிய பின்னர் ஒப்பிட்டால்தான் அது பயன்படும். இயல்பாக்கம் செய்யாத சொல்தொகுதியில் எண்ணிய ஒகர ஓகாரச் சொற்களின் கணக்கு நம்பத்தக்கதன்று.

இயல்பாக்கமும் தீர்க்காத ஒன்று உண்டு. 'ஔவை' என்னும் பெயரை ஔகார உயிரெழுத்தாலும் எழுதலாம். ஒகரத்தை அடுத்து ளகர மெய்யின் வடிவத்தை வைத்து 'ஒளவை' என்றும் பிழையாக எழுதலாம். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று. ஒருங்குறியின் எந்த இயல்பாக்க முறையும் இவற்றை ஒன்றாக்காது, ஆக்கவும் கூடாது. 'ஒளி' என்னும் சொல்லில் அதே இணை பிழையன்று. இங்கே ஒன்றா வேறா என்பதை மொழி அறிந்தவரே சொல்ல முடியும்.

வேறுபாடும் காரணமும்

வேறுபாடுகளைக் கண்டறிந்தபின் எஞ்சுவதே கடினமான பணி. அவற்றுள் எது பிழைக்குக் காரணம்? ஆண்ட்ரியாஸ் ஜெல்லர் இக்கேள்வியையே தம் ஆய்வின் மையமாக்கினார். டோரத்தியா லுட்கெஹவுசுடன் அவர் உருவாக்கிய டிடிடி என்னும் கருவி (பழைய பூச்சிக்கொல்லியின் எழுத்துகளை அல்ல, தரவைக் காட்சியாக்குவதைக் குறிக்கும் வேறு சொற்களைச் சுருக்கியது) தரவுப்பொருள்களைப் பெட்டிகளும் அம்புகளுமாக வரைந்து காட்டியது. 2002இல் வெளியிட்ட ஆய்வில் அவர் ஒருபடி மேலே சென்றார். ஜிசிசி தொகுப்பி ஒரு சிறு நிரலைத் தொகுக்கும்போது முறிந்தது. சற்றே மாற்றிய நிரலைச் சரியாகத் தொகுத்தது. இரு ஓட்டங்களின் நினைவகத்தையும், மாறிகள் முடிச்சுகளாகவும் சுட்டிகள் கோடுகளாகவும் அமைந்த வலைப்படங்களாக எடுத்து ஒப்பிட்டார். பிறகு வேறுபாடுகளில் ஒரு பகுதியை ஓடும் நிரலுக்குள் மாற்றி வைத்து, முறிவு வருகிறதா என்று பார்த்து, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே சென்றார். ஏராளமான வேறுபாடுகளுள் மிகச் சிலவே முறிவுக்குக் காரணமாக நின்றன. மூலநிரலில் இருந்த '+ 1.0' என்னும் சிறு துணுக்கிலிருந்து தொடங்கிய சங்கிலி, தொகுப்பியின் உள்ளே மரமாக இருக்க வேண்டிய தரவு தன்னையே சுட்டும் வளையமாக மாறியதில் முடிந்தது. மெக்கார்த்தியின் சமத்தன்மையைத் திணறவைக்கும் அதே வளையம், இங்கே தொகுப்பியை முடிவற்ற இறக்கத்தில் தள்ளியது.

பதிப்பாசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. சார்ல்டன் ஹின்மன் 1940களில் உருவாக்கிய கருவி, ஷேக்ஸ்பியரின் 1623ஆம் ஆண்டு முதற்பதிப்பின் இரு படிகளை மாறிமாறிக் காட்டியது; வேறுபட்ட எழுத்து கண்ணெதிரே துடித்தது. எங்கே வேறுபாடு என்பதை அது காட்டியது. ஏன் என்பதை அச்சுக்கூட வழக்கங்களை ஆராய்ந்தே அவர் எழுத வேண்டியிருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையரும், அவர் காலப் பதிப்பாசிரியர்களும், பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களை நிறுத்தித் தெரிந்தபோது செய்ததும் இதே தீர்ப்புப் பணிதான். ஏடெழுதியவரின் கைப்பிழை எது, வேறு மரபைக் காட்டும் பாடம் எது என்று பிரிக்காத பாடபேதப் பட்டியல் வெறும் டிஃப்.

தமிழ் இலக்கணம் இதற்கு ஒரு சொல்லை வைத்திருக்கிறது. வழாநிலை, வழு என்னும் இரண்டோடு வழுவமைதி என்றும் ஒன்றை அது கொள்கிறது: விதியிலிருந்து விலகியிருப்பினும் காரணம் பற்றி ஏற்கப்படுவது. உவப்பினால் பசுவைத் தாயென்று உயர்திணையாகச் சொல்வது அவ்வகை. அமைதி கொள்வதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. வரிசையைப் புறக்கணித்தும், தசம இலக்கங்களைச் சுருக்கியும், கொம்பையும் காலையும் இணைத்தும் இரு தரவுகளை 'ஒன்று' என்று முடிக்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு வழுவமைதியைச் செய்கிறது. ஆய்வேட்டில் முடிவை அச்சிடுபவர் அந்தக் காரணத்தையும் அச்சிட்டால், அடுத்து வருபவர் அதைச் சோதிக்க முடியும். அச்சிடாவிட்டால், கருவிக்குள் யாரோ எப்போதோ எடுத்த முடிவு ஆய்வாளரின் முடிவாக நின்றுவிடும்.